பார்வைக்குச் சரி, வாசிப்பானுக்குத் தப்பு: பிடிஎஃப், எச்டிஎம்எல், இபப் வெளியீடுகளில் பிழை நீக்கம்

ஒரு பிடிஎஃப்புக்குள் மூன்று அடுக்குகள் இருக்கின்றன. பக்கத்தில் தெரியும் வடிவங்கள் ஒன்று. அந்த வடிவங்கள் என்னென்ன எழுத்துகள் என்று சொல்லும் உரை அடுக்கு இன்னொன்று. எது தலைப்பு, எது பத்தி, எது அட்டவணை என்று சொல்லும் குறிச்சொல் மரம் மூன்றாவது. அச்சிட முதல் அடுக்கு போதும். திரை வாசிப்பான் (திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் மென்பொருள்), பிரெயில் காட்டி, தேடல், நகலெடுப்பு எல்லாம் மற்ற இரண்டையும் நம்பியே ஓடுகின்றன. உரை அடுக்கு கெட்டிருக்கும்போது குறிச்சொற்களைச் செப்பனிடுவது வீண் வேலை. எனவே கீழே உள்ள அறிகுறிகளையும் அந்த வரிசையிலேயே பாருங்கள்.

கட்டளைகளின் பெயர்களை இங்கே ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறோம். கோப்பிலும் முனையத்திலும் அவற்றை ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் தர வேண்டும்.

முதலில் ஓட்ட வேண்டிய மூன்று கட்டளைகள்

பாப்ளர் கருவித் தொகுப்பை நிறுவிக்கொள்ளுங்கள். பிடிஎஃப்டுடெக்ஸ்ட் உரை அடுக்கை அப்படியே கொட்டிக் காட்டும். பிடிஎஃப்ஃபான்ட்ஸ் ஒவ்வொரு எழுத்துருவும் கோப்பில் பொதிக்கப்பட்டிருக்கிறதா, அதற்கு யுனிகோடு அட்டவணை உண்டா என்று ‘எம்ப்’, ‘யுனி’ என்ற இரு நெடுவரிசைகளில் சொல்லும். பிடிஎஃப்இன்ஃபோ தரும் பட்டியலில் ‘டேக்டு’ என்ற வரி இருக்கும். அங்கே ‘நோ’ என்று வந்தால் குறிச்சொல் மரமே இல்லை. ‘யெஸ்’ என்று வந்தால், இரு தெரிவுகளில் மேலும் தோண்டலாம்: ‘ஸ்ட்ரக்ட்’ மரத்தை மட்டும் காட்டும், ‘ஸ்ட்ரக்ட்-டெக்ஸ்ட்’ மரத்தை உரையோடு சேர்த்துக் காட்டும். விலை கொடுத்து வாங்கும் மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே பெரும்பாலான குறைகள் இந்த மூன்றில் பிடிபட்டுவிடும்.

அறிகுறி: உரை எதுவுமே வரவில்லை

பிடிஎஃப்டுடெக்ஸ்ட் வெற்றுக் கோப்பைத் தந்தால் பக்கங்கள் வெறும் படங்கள். வருடிய (ஸ்கேன் செய்த) கோப்பாக இருக்கும், அல்லது வடிவமைப்பு மென்பொருளில் எழுத்துகளைக் கோட்டுருவாக மாற்றி ஏற்றுமதி செய்திருப்பார்கள். இரண்டாவது வகை என்றால் மூலக் கோப்பைத் தேடிப் பிடித்து மறுபடி ஏற்றுமதி செய்வதுதான் வழி. வருடியது என்றால் ஓசிஆர்மைபிடிஎஃப் கருவி டெசராக்ட் என்ற எழுத்துணரி மென்பொருளைக் கொண்டு உரை அடுக்கு ஒன்றைப் படத்தின் அடியில் ஒட்டித் தரும். மொழித் தெரிவில் டெசராக்ட் எதிர்பார்ப்பது ‘டி-ஏ-எம்’ என்ற மூன்றெழுத்துக் குறி. ஆங்கிலமும் கலந்திருந்தால் கூட்டல் குறி போட்டு ‘இ-என்-ஜி’ சேர்க்க வேண்டும். இப்படிக் கிடைப்பது உரை மட்டுமே, குறிச்சொற்கள் அல்ல. எழுத்துப் பிழைகளையும் ஒருவர் உட்கார்ந்து திருத்தத்தான் வேண்டும்.

அறிகுறி: நகலெடுத்தால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் கொட்டுகிறது

பக்கத்தில் அழகான தமிழ், ஒட்டினால் புரியாத கலவை. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, யுனிகோடுக்கு முந்தைய எழுத்துரு. பாமினி போன்றவற்றில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்திருப்பார்கள். கணினியைப் பொறுத்தவரை அது இன்றும் ஆங்கில எழுத்துதான். ஏற்றுமதி அமைப்பில் எதை மாற்றினாலும் இது தீராது. மூல உரையை யுனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும். எந்தக் குறியாக்கம் என்று முதலில் உறுதி செய்யுங்கள். டிஸ்கி என்ற இன்னொரு பழைய குறியாக்கத்தில் உள்ள கோப்பைப் பாமினி என்று நினைத்து மாற்றினால் பாதி சரியாகவும் பாதி குப்பையாகவும் வரும், அந்தக் கலவையை மீட்பது பெரும்பாடு.

மாற்றிய பிறகும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. ‘கௌ’ என்பதில் கடைசியாக நிற்பது ஔகாரக் குறி. பழைய தட்டச்சுப் பழக்கத்தில் அங்கே ‘ள’ எழுத்தையே போட்டிருப்பார்கள். ‘கௌரவம்’, ‘கெளரவம்’ இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. திரை வாசிப்பானோ இரண்டாவதை ‘கெ-ள-ர-வ-ம்’ என்று உடைத்துப் படிக்கும். ஒரு மெய், அதன்பின் ஒற்றைக்கொம்பு, அதன்பின் ‘ள’ என்ற வரிசையைத் தேடி ஒவ்வொன்றாகப் பாருங்கள். மொத்தமாக மாற்றிவிடாதீர்கள், ‘தெளிவு’ம் ‘வெள்ளம்’மும் அதே வலையில் சிக்கும். துணைக்காலுக்குப் பதில் ‘ர’, ‘எ’ இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எண் ‘௭’, ‘க’வுக்குப் பதில் ‘௧’ ஆகியவையும் இதே ரகம். ஒளிவழி எழுத்துணரி தந்த உரையில் இவை நிறையவே இருக்கும்.

இரண்டாவது காரணம், எழுத்துரு யுனிகோடாக இருந்தும் கோப்பில் அட்டவணை எழுதப்படாதது. பிடிஎஃப்ஃபான்ட்ஸ் ‘யுனி’ நெடுவரிசையில் ‘நோ’ காட்டும். வகை ‘டைப் 3’ என்று வந்தால் டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளின் நிறுவலில் கோட்டுரு எழுத்துரு கிடைக்காமல் புள்ளிப்பட எழுத்துரு ஏறியிருக்கிறது. ஆங்கில ஆவணம் என்றால் சிஎம்-சூப்பர் தொகுப்பை நிறுவுங்கள், அல்லது லேட்டின் மாடர்னுக்கு மாறுங்கள். தமிழுக்கு ஓப்பன்டைப் எழுத்துருவும், டெக்கின் யுனிகோடு அறிந்த வடிவமான லுவாலேடெக்கும்தான். எட்டு பிட் பழைய பிடிஎஃப்லேடெக்கைக் கொண்டு தமிழை அணுகக்கூடியதாக ஆக்கப் போராடுவது நேர விரயம்.

அறிகுறி: கொம்பு முன்னால் வந்து நிற்கிறது

தமிழ்ப் பிடிஎஃப்பில் அடிக்கடி வரும், அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படும் குறை இது. ‘கொடுத்தான்’ என்பதை நகலெடுத்து ஒட்டினால் ஒற்றைக்கொம்பு தனியாக முன்னால் வந்து, அதன்பின் ‘காடுத்தான்’ என்று நிற்கும். ‘பேசினான்’ என்று தேடினால் ‘கிடைக்கவில்லை’ என்று வரும், சொல்லோ அதே பக்கத்தில் கண்ணெதிரே இருக்கும்.

யுனிகோடில் ‘கொ’ என்பது முதலில் ‘க’, அடுத்து ஒகரக் குறி. எழுத்துரு அந்தக் குறியை ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என இரண்டாகப் பிரித்து, கொம்பை ‘க’வுக்கு இடப்பக்கம் நிறுத்துகிறது. பிடிஎஃப்பில் வடிவங்கள் இடமிருந்து வலமாகக் கொம்பு, ‘க’, கால் என்றே பதிவாகின்றன. யுனிகோடு அட்டவணையால் ஒரு வடிவத்துக்கு ஓர் எழுத்தையோ பல எழுத்துகளையோ ஒதுக்க முடியும். ‘கு’, ‘டு’ போன்ற ஒற்றை வடிவங்கள் இரண்டு குறியாகச் சரியாக வருவது அதனால்தான். ஆனால் ‘இந்த வடிவம் முன்னால் நிற்கிறது, எழுத்து வரிசையில் பின்னால் வர வேண்டும்’ என்று சொல்ல அந்த அட்டவணையில் இடமே இல்லை. எகரம், ஏகாரம், ஐகாரம், ஒகரம், ஓகாரம், ஔகாரம் ஆறுக்கும் இதே கதி.

தீர்வு ஆக்சுவல்டெக்ஸ்ட். வடிவங்களின் ஒரு கொத்தைச் சுற்றி, ‘இதன் உண்மையான எழுத்து இது’ என்று பிடிஎஃப்புக்குள்ளேயே எழுதி வைப்பது.

லுவாலேடெக்கில் எழுத்துருவை அழைக்கும் கட்டளையில் ‘ரெண்டரர்’ தெரிவை ஹார்ஃப்பஸ் என்றும், ‘ஸ்கிரிப்ட்’ தெரிவைத் தமிழ் என்றும் தாருங்கள். அட்டவணையால் சொல்ல முடியாத கொத்துகளுக்கு ஆக்சுவல்டெக்ஸ்ட் தானாகவே எழுதப்படும். இந்த வசதி உள்ள லுவாஎச்பிடெக் எஞ்சின், டெக் மென்பொருள் தொகுப்பான டெக் லைவின் 2020 பதிப்பு முதல் லுவாலேடெக் கட்டளைக்குப் பின்னால் இருக்கிறது. அதற்கு முந்தைய நிறுவல் என்றால் புதுப்பிப்பதே சுருக்கு வழி.

டெக்கின் இன்னொரு வடிவமான ஸீலேடெக்கில், ஆவண உரைக்கு முன் கட்டளைகள் நிற்கும் முன்னுரைப் பகுதியில் ‘ஸீடெக்ஜெனரேட்ஆக்சுவல்டெக்ஸ்ட்’ என்ற மாறிக்கு 1 என்று மதிப்புக் கொடுங்கள். சொல் சொல்லாக ஆக்சுவல்டெக்ஸ்ட் எழுதப்படும். இயல்பில் இது அணைந்தே இருக்கும். பல தமிழ் ஆவணங்கள் கெடுவதும் இங்கேதான்.

செய்த பிறகு பிடிஎஃப்டுடெக்ஸ்டில் சோதியுங்கள், அது ஆக்சுவல்டெக்ஸ்டை மதிக்கும். எல்லாப் பார்வை மென்பொருளும் அப்படி இல்லை. ஒரு உலாவியில் நகலெடுத்துப் பார்த்துவிட்டுக் கோப்பைக் குறை சொல்ல வேண்டாம். சோதனைச் சொற்களாக ‘கொடுத்தான், போனேன், வைகை, கௌரவம், ஸ்ரீ, பக்ஷி’ ஆகியவற்றை ஒரே வரியில் வைத்துக்கொண்டால் ஏறக்குறைய எல்லா இடறலும் அதில் தெரிந்துவிடும்.

இன்டிசைனில் பணிபுரிபவர்களுக்குக் கொம்பு பக்கத்திலேயே இடம் மாறித் தெரிந்தால் அது வேறு குறை. பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்காமல் விட்டிருப்பார்கள்.

அறிகுறி: சொற்கள் ஒட்டிக்கொண்டு வாசிக்கப்படுகின்றன

டெக் இடைவெளி எழுத்தை எழுதுவதில்லை. அடுத்த சொல்லை அவ்வளவு தள்ளி வைக்கிறது, அவ்வளவுதான். வாசிக்கும் மென்பொருள் அந்தத் தூரத்தைப் பார்த்து ‘இது இடைவெளியாக இருக்கும்’ என்று ஊகிக்கிறது. குறுகிய பத்தியில் வரியைச் சமன் செய்யும்போது இடைவெளி நெருங்கினால் ஊகம் பொய்த்துவிடும். லுவாலேடெக்கில் குறிச்சொற்களை இயக்கினால் உண்மையான இடைவெளி எழுத்தும் சேர்ந்தே வருகிறது. ஸீலேடெக்கில் அதற்கு வழி இல்லை. குறிச்சொல் இட வேண்டிய ஆவணத்துக்கு ஸீலேடெக்கை விட்டு லுவாலேடெக்குக்கு மாறச் சொல்வதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

அறிகுறி: ‘குறிச்சொற்கள் இல்லை’ என்று சரிபார்ப்பு மென்பொருள் சொல்கிறது

லேடெக்கில் டாக்குமென்ட்மெட்டாடேட்டா என்ற கட்டளையை டாக்குமென்ட்கிளாஸ் வரிக்கு முன்னால் வையுங்கள். பின்னால் வைத்தால் பயனில்லை. அதற்குள் மூன்று தெரிவுகள்: ‘லேங்’ என்பதற்கு ‘டி-ஏ’, ‘பிடிஎஃப்ஸ்டாண்டர்டு’ என்பதற்கு ‘யுஏ-2’, ‘டேகிங்’ என்பதற்கு ‘ஆன்’. கட்டளை 2022இலேயே வந்துவிட்டாலும் ‘டேகிங்’ தெரிவு 2025 ஜூன் லேடெக் வெளியீட்டோடுதான் வந்தது. பழைய நிறுவலில் ‘தெரியாத தெரிவு’ என்று பிழை வந்தால் காரணம் இதுவே. கோப்பை இரண்டு மூன்று முறை ஓட்டுங்கள், முதல் ஓட்டத்தில் மரம் முழுமையாக இராது.

யுஏ-1 என்பது அணுகக்கூடிய பிடிஎஃப்புக்காக 2012இல் வந்த தரம், ஐஎஸ்ஓ 14289-1. யுஏ-2 அதே தரத்தின் இரண்டாம் பகுதி, 2024இல் வந்தது, பிடிஎஃப் 2.0ஐ அடிப்படையாகக் கொண்டது. பெறும் இடத்தில் யுஏ-1தான் கேட்கிறார்கள் என்றால் அதையே கொடுங்கள். கணிதம் நிறைந்த ஆவணத்துக்கு யுஏ-2.

ஓட்டும்போது புரியாத பிழை வந்தால் பெரும்பாலும் ஏதோ ஒரு பொதி (லேடெக்கின் துணைத் தொகுப்பு) குறிச்சொல் பொறிமுறையோடு முட்டுகிறது. பொதிகளைப் பாதியாக முடக்கி ஓட்டுங்கள், பிழை எந்தப் பாதியில் என்று பார்த்து மேலும் பாதியாக்குங்கள். எந்தப் பொதி ஒத்துப்போகும் என்ற பட்டியலை லேடெக் திட்டக் குழுவே வெளியிட்டு வருகிறது. பல சமயம் முட்டுகிற பொதி வெறும் அலங்காரத்துக்காக வந்ததாக இருக்கும். தூக்கி எறியத் தயங்காதீர்கள்.

லேடெக் போன்ற அச்சுக்கோப்பு மென்பொருளான டைப்ஸ்ட், 0.14 பதிப்பிலிருந்து குறிச்சொல் இட்ட பிடிஎஃப்பையே இயல்பாகத் தருகிறது, யுஏ-1ஐயும் கேட்டு வாங்கலாம். லிப்ரேஆபிஸில் 7.0 முதல் ஏற்றுமதிப் பெட்டியில் பிடிஎஃப்/யுஏ தெரிவு உண்டு. வேர்டில் ‘பிடிஎஃப்பாகச் சேமி’ வழியே போங்கள். அச்சுப்பொறிப் பட்டியலில் உள்ள ‘பிடிஎஃப்பாக அச்சிடு’ குறிச்சொற்களைத் தொலைத்துவிடும்.

அறிகுறி: குறிச்சொற்கள் இருந்தன, இப்போது இல்லை

மூலத்திலிருந்து வந்தபோது ‘டேக்டு: யெஸ்’, வெளியிட்டபோது ‘நோ’. இடையில் யாரோ கோஸ்ட்ஸ்கிரிப்டில் போட்டுக் கோப்பளவைச் சுருக்கியிருப்பார்கள், அல்லது பிடிஎஃப்பேஜஸ் பொதியில் அட்டைப் பக்கத்தைச் சேர்த்திருப்பார்கள். இரண்டும் பக்கங்களை மறுபடி வரைகின்றன, மரம் போய்விடுகிறது. ஒவ்வொரு படிக்குப் பிறகும் பிடிஎஃப்இன்ஃபோ ஓட்டினால் குற்றவாளி அகப்படும். அளவைக் குறைக்க வேண்டுமானால் படங்களை மூலத்திலேயே சிறிதாக்குங்கள். அட்டையையும் மூல ஆவணத்துக்குள்ளேயே அமையுங்கள்.

அறிகுறி: வாசிப்பான் மௌனமாகத் தாண்டுகிறது, அல்லது ஆங்கிலக் குரலில் தடுமாறுகிறது

ஆவண மொழி குறிக்கப்படவில்லை, அல்லது வார்ப்புருவிலிருந்து ‘இ-என்’ என்று வந்திருக்கிறது. இங்கே தமிழுக்கான குறி ‘டி-ஏ’. டெசராக்டுக்குக் கொடுத்த மூன்றெழுத்துக் குறியை இங்கே கொடுத்தால் சரிப்படாது. எச்டிஎம்எல்லில் இதே குறி மேல்நிலை உறுப்பின் ‘லேங்’ பண்பில் வர வேண்டும், இடையில் வரும் ஆங்கிலப் பத்திக்குத் தனியாக ‘இ-என்’ இட வேண்டும். இரண்டும் சரியாக இருந்தும் மௌனம் என்றால் கேட்பவரின் கணினியில் தமிழ்க் குரல் இல்லை. என்விடிஏ என்ற திரை வாசிப்பானோடு வரும் ஈஸ்பீக் என்ஜி குரல் மென்பொருளில் தமிழ் உண்டு, அதை வைத்துச் சோதியுங்கள்.

சாளரத்தின் தலையில் ஆவணத் தலைப்புக்குப் பதில் கோப்பின் பெயர் தெரிந்தால், லேடெக்கின் ஹைப்பர்ரெஃப் பொதி அமைப்பில் தலைப்பைக் கொடுத்து ‘பிடிஎஃப்டிஸ்ப்ளேடாக்டைட்டில்’ தெரிவை இயக்குங்கள்.

அறிகுறி: தலைப்புக்குத் தலைப்பு தாவ முடியவில்லை

தலைப்பைத் தடித்த எழுத்தில் பெரிதாக்கி வரைந்திருப்பார்கள். கண்ணுக்குத் தலைப்பு, மரத்தில் வெறும் பத்தி. செக்‌ஷன், சப்செக்‌ஷன் கட்டளைகளையே பயன்படுத்தி, தோற்றத்தைத் தனியாக அமையுங்கள். முதல் நிலைக்கு அடுத்து நேரே மூன்றாம் நிலைக்குத் தாவினால் யுஏ-1 ஏற்காது.

அறிகுறி: அட்டவணையில் எண்கள் மட்டும் வாசிக்கப்படுகின்றன

‘42, 17, 63’ என்று கேட்டால் எது எந்த நெடுவரிசை என்று யாருக்கு விளங்கும்? தலைப்பு வரிசை தலைப்பாகக் குறிக்கப்படவில்லை. லேடெக்கில் டேக்பிடிஎஃப்செட்டப் கட்டளையில் ‘டேபிள்/ஹெடர்-ரோஸ்’ தெரிவுக்கு எந்த வரிசை என்று எண்ணைக் கொடுங்கள், பொதுவாக 1. அட்டவணைக்கு முன்னால் இது வர வேண்டும், அடுத்து மாற்றும் வரை தொடரும். தலைப்பே இல்லாத அட்டவணை அடுத்து வந்தால் அதன் முதல் வரிசையும் தலைப்பாகிவிடும், கவனம்.

முகவரியையோ கையொப்ப இடத்தையோ வரிசைப்படுத்த டேபுலர் சூழலைப் பயன்படுத்தியிருந்தால் அது அட்டவணையே அல்ல. ‘டேபிள்/டேகிங்’ தெரிவை ‘பிரசன்டேஷன்’ ஆக்குங்கள். இணைந்த கட்டங்கள் நிறைந்த அட்டவணை எவ்வளவு குறிச்சொல் இட்டாலும் காதால் பின்தொடரக் கடினம். அதை இரண்டு எளிய அட்டவணைகளாகப் பிரிப்பது வாசகருக்குச் செய்யும் உபகாரம், அச்சிலும் அதுதான் தெளிவு.

அறிகுறி: ‘படம்’ என்று மட்டும் சொல்லி நகர்கிறது

படத்தை அழைக்கும் கட்டளையில் ‘ஆல்ட்’ தெரிவுக்கு விளக்கம் எழுதுங்கள். அலங்காரக் கோடு, சின்னம் போன்றவற்றுக்கு ‘ஆர்ட்டிஃபாக்ட்’ தெரிவு, வாசிப்பான் அதைத் தொடாது. வரைபடத்துக்கு ‘விற்பனை வரைபடம்’ என்று எழுதினால் அது விளக்கம் ஆகாது. கோடு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, அதிலிருந்து என்ன தெரிகிறது என்று ஓரிரு வாக்கியத்தில் சொல்லுங்கள். எண்கள் முக்கியம் என்றால் அவற்றை அட்டவணையாக உரைக்குள் தாருங்கள்.

அறிகுறி: சமன்பாடு சிதறி ஒலிக்கிறது

பின்னம் ஒன்றை மேலிருந்து கீழாக வெறும் எழுத்துகளாக வாசித்தால் ‘எக்ஸ் கூட்டல் 1 2’ என்று வரும். அது பின்னமா, அடுத்தடுத்த எண்களா என்று தெரியாது. ‘ஆல்ட்’ உரை எழுதினால் ஒரு முறை கேட்கலாம், உள்ளே நுழைந்து பகுதி பகுதியாக உலவ முடியாது. அதற்கு, சமன்பாட்டின் அமைப்பைக் குறிக்கும் மேத்எம்எல் மொழி வேண்டும். லுவாலேடெக்கில் யூனிகோட்-மேத் பொதியோடு குறிச்சொற்களை இயக்கினால் சமன்பாடுகளுக்கு மேத்எம்எல் தானாகவே உண்டாகும்.

இருந்தாலும் கணித ஆவணத்துக்கு எச்டிஎம்எல் வடிவத்தையும் கூடவே தருவதுதான் எங்கள் பரிந்துரை. பிடிஎஃப்பில் உள்ள மேத்எம்எல்லைப் படிக்கப் பார்வை மென்பொருள், வாசிப்பான் இரண்டுமே புதிதாக இருக்க வேண்டும். எச்டிஎம்எல்லிலோ ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மட்டுமன்றி, 2023 ஜனவரியில் வந்த 109ஆம் பதிப்பிலிருந்து குரோமும் மேத்எம்எல்லை நேரடியாகக் காட்டுகிறது. லேடெக்கை எச்டிஎம்எல் ஆக்கும் மேக்4எச்டி கருவியில் ‘மேத்எம்எல்’ தெரிவோடு ஓட்டுங்கள். தமிழ் ஆவணம் என்றால் லுவாலேடெக்கைப் பயன்படுத்தச் சொல்லும் சிறிய ‘எல்’ கொடியையும் சேருங்கள். ஆவண மாற்றியான பேன்டாக் என்றால் ‘மேத்எம்எல்’ கொடி, கூடவே மேல்தரவில் தலைப்பும் மொழியும். பேன்டாக்குக்கு, லேடெக் கட்டளைகளால் வரையும் டிக்ஸ் படங்கள் புரியாது. அவற்றை முன்கூட்டியே எஸ்விஜி ஆக்கி வையுங்கள்.

மின்னூல் வடிவமான இபப் வெளியீட்டில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாகவே மடங்கிக்கொள்ளும். குறைபார்வை உள்ளவர்களுக்குப் பிடிஎஃப்பால் ஈடுகட்ட முடியாத வசதி அது. இபப்செக், டெய்சியின் ஏஸ் இரண்டையும் ஓட்டுங்கள். முதலாவது கோப்பு விதிப்படி இருக்கிறதா என்றும், இரண்டாவது அணுகல் தன்மை எப்படி என்றும் பார்க்கும்.

அறிகுறி: சரிபார்ப்பு தேறியது, கேட்பவருக்கு இன்னும் விளங்கவில்லை

வேராபிடிஎஃப், பிஏசி என்ற சரிபார்ப்பு மென்பொருள்கள் இரண்டும் இலவசம், இரண்டையும் ஓட்டலாம். ஆனால் யுஏ-1ஐச் சோதிக்க வகுத்த மேட்டர்ஹார்ன் நெறிமுறையில் உள்ள 31 சோதனைப் புள்ளிகள், 136 தோல்வி நிலைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மனிதர் பார்த்தே சொல்ல வேண்டும். ‘ஆல்ட்’ உரை இருக்கிறதா என்று இயந்திரம் சொல்லும். அதில் ‘படம்1’ என்று மட்டும் எழுதியிருந்தாலும் தேறிவிடும்.

என்விடிஏவில் கோப்பைத் திறந்து திரையை அணைத்துவிடுங்கள். ‘எச்’ விசை தலைப்புக்குத் தலைப்பு தாவும், ‘ஜி’ படத்துக்கு, ‘டி’ அட்டவணைக்கு. அட்டவணைக்குள் கன்ட்ரோலும் ஆல்ட்டும் அழுத்தியபடி அம்புக்குறிகளால் கட்டம் கட்டமாக நகருங்கள். நெடுவரிசை மாறும்போதெல்லாம் தலைப்பின் பெயர் கேட்க வேண்டும். கேட்காத இடத்தைக் குறித்துக்கொண்டு மூலக் கோப்பில் திருத்துங்கள். பிடிஎஃப்பில் கையால் ஒட்டிய திருத்தம் அடுத்த தொகுப்பு ஓட்டத்தோடு காணாமல் போகும்.